அனுப்பிய நேரம்

இரண்டாவது விசிலா மூன்றாவதா என்று செண்பகவல்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. துவரம்பருப்புக்கு நாலு. அதற்கு மேல் போனால் கூழ், குறைந்தால் பருப்பு தனி தண்ணீர் தனி. எண்ணிக்கை தவறுகிற ஆளில்லை அவள், பதினாலு வருஷக் குடித்தனத்தில் காது தன்பாட்டுக்கு எண்ணி வைத்துக்கொள்ளும், கேட்டால் சொல்லும். இன்றைக்குக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறது. மணி ஒன்பது இருபது. பத்து மணிக்கு மீட்டிங். கம்ப்யூட்டர் வேலைதான், வீட்டிலிருந்துதான், மதுரை விளாங்குடியில் இந்த முதல் மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ், அதனால் பத்து மணி வரைக்கும் அவள் சமையல்காரி, பத்து அடித்தால் இன்ஜினீயர், நடுவில் துண்டில் கை துடைக்கிற நேரம் மட்டும் இரண்டுமில்லாதவள். மேஜையில் லேப்டாப் திறந்தே கிடக்கிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள், ஆனால் பார்க்காவிட்டால் மட்டும் என்ன, அந்த வரிகள் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன, ஒன்றின் கீழ் ஒன்றாக, எல்லாவற்றுக்கும் நொடிகூட மாறாத ஒரே நேரம், ஒன்று ஐம்பத்து மூன்று, ஒன்று ஐம்பத்து மூன்று, ஒன்று ஐம்பத்து மூன்று. குளிர் அறையில் சூடு எவ்வளவு என்று சொல்லும் வரிகள் மட்டும் நாற்பத்தொன்று, கதவு திறந்தது ஒன்பது, கதவு மூடியது ஒன்பது, நடுவில் எங்கேயோ ஒரே ஒரு வரி, பொத்தான் அழுத்தப்பட்டது. ஒரே நொடிக்குள் ஒரு கதவை ஒன்பது தடவை திறந்து மூட முடியுமா? பேய்கூட மூச்சு வாங்கும். இந்த லாக்கைத்தான், கருவி தானாக எழுதி வைக்கிற இந்தப் பதிவைத்தான், அவள் போன வியாழக்கிழமை, திருச்சியில் ஒரு மருந்துக் கிடங்கின் முதலாளியிடம், உண்மை என்று போனில் சொல்லியிருந்தாள். அந்த உண்மையை நம்பித்தான் இன்று பத்து மணிக்கு ஃபிலோமினா என்கிற அம்மாவை வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள்.

ஃபிலோமினாவை அவள் பார்த்ததில்லை. வெறும் குரல்தான். வியாழக்கிழமை முதலாளி ரத்தினவேல் பேசி முடித்து, அவருடைய மேனேஜர் இருமி முடித்து, கடைசியில்தான் அந்தக் குரலுக்கு முறை வந்தது. ஐம்பது வயது இருக்கும், தொண்டை கட்டினாற்போல, ஆனால் அழாத குரல். இன்சுலினும் தடுப்பூசியும் வைக்கிற குளிர் அறைக்குப் பத்தொன்பது வருஷமாக அந்தம்மாதான் பொறுப்பு. அறையில் எட்டு டிகிரிக்கு மேல் ஏறினால் அலாரம் கத்தும், கத்தினால் ஓடிவந்து சுவரிலிருக்கிற பொத்தானை அழுத்த வேண்டும், பார்த்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம், அழுத்திவிட்டு அரை மணி நேரத்துக்குள் எல்லாப் பெட்டிகளையும் பக்கத்திலிருக்கிற இன்னொரு ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும், தாண்டினால் மருந்து மருந்தில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம் கம்ப்ரஸர் நின்றுபோய், ஒன்று பன்னிரண்டுக்கு அலாரம் கத்தியது. பொத்தான் அழுத்தப்பட்டது ஒன்று ஐம்பத்து மூன்றுக்கு. லாக் அப்படித்தான் சொன்னது. நாற்பத்தொரு நிமிஷம் எங்கே போயிருந்தாய் என்று கேட்டார்கள். "நான் அப்பவே அமுக்குனேன் சார். சாப்பிட்டுட்டு இருந்தேன், எச்சிக் கையோட ஓடியாந்து இடது கையால அமுக்குனேன். கையக் கழுவிட்டு வந்து ஒவ்வொரு பெட்டியா மாத்துனேன் சார்." ரத்தினவேல், "நீங்க சொல்லுங்க மேடம், மெஷின் பொய் சொல்லுமா?" என்று செண்பகத்தைக் கேட்டார். அவள் என்ன சொன்னாள்? இங்கே வரும்போதுதான் வெங்காயத் தோல் நகக்கண்ணில் ஏறிக் குத்துகிறது. "லாக்ல இருக்கிறதுதாங்க நடந்தது" என்றாள். அதோடு விட்டாளா, "அம்மா, பதட்டத்துல நேரம் சரியா ஞாபகம் இருக்காதும்மா" என்று ஒரு பரிவு வேறு. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, அந்தப் பரிவைத்தான் பொறுக்க முடியவில்லை. எச்சில் கை, இடது கை என்று ஒரு மனுஷி கையைக்கூடச் சொல்லியிருக்கிறாள், அவ்வளவு நுணுக்கமாகப் பொய் சொல்ல யாருக்கு வரும், அது அன்றைக்கே உறைத்திருக்க வேண்டாமா. உறைக்கவில்லை. அப்போது அவள் திரையில் அழகாக இரண்டே வரிகள் இருந்தன, ஒன்று அலாரம், ஒன்று பொத்தான், மற்றதையெல்லாம் வடிகட்டிவிட்டு இரண்டை மட்டும் ரிப்போர்ட்டில் ஒட்டியிருந்தாள். சுத்தமான ரிப்போர்ட் என்று அந்த இருமல் மேனேஜர்கூடப் பாராட்டினார். வடிகட்டாத முழு லாக்கை இன்று விடியற்காலையில்தான் திறந்து பார்த்தாள்.

விசில். இது நாலாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டாலும் நாலுதான். அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தாள். அந்தப் புரோகிராமை எழுதியவள் அவளேதான், வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. குளிர் அறைச் சுவரில் ஒரு சின்னக் கருவி, அதற்குள் அவள் எழுதிய புரோகிராம், அதன் சாமர்த்தியமே எதற்காகவும் நின்று காத்திருக்காது என்பதுதான். குக்கரை வைத்துவிட்டு விசில் வரும்வரை அடுப்பையே பார்த்துக்கொண்டு யார் நிற்கிறார்கள், அதற்குள் வெங்காயம், வெங்காயத்துக்கு நடுவில் பால், பாலுக்கு நடுவில் காலிங் பெல், அது மாதிரி. சூட்டை அளக்கும், கதவைக் கவனிக்கும், பொத்தானைக் கவனிக்கும், எது நடந்தாலும் என்ன, எங்கே, எப்போது, எத்தனையாவது என்று கட்டம் பிரித்து ஒரு வரியாக எழுதி வரிசையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். வரிசையிலிருந்து எடுத்து இன்டர்நெட் வழியாக அனுப்புவது அதே புரோகிராமுக்குள் இருக்கிற இன்னொரு கை. அது போய்ச் சேருகிற இடத்துக்கு லாக் கலெக்டர் என்று பேர், ஊர் ஊராக அறுபது கிடங்குகளிலிருந்து வருகிற வரிகளை வாங்கி அடுக்கி வைக்கிற பொது இடம். "எம் மருமக தெனமும் கலெக்டருக்கு ரிப்போர்ட் அனுப்புறா" என்று மாமியார் கீழ்வீட்டில் பெருமையடிக்கப் போய், கீழ்வீட்டம்மா பட்டா விஷயமாக ஒரு மனு எழுதிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார்கள். அதை நினைத்துச் சிரிப்பு வந்தது, வந்தது பாதியில் நின்றது. நெட் போனால் வரிகள் வரிசையிலேயே காத்திருக்கும், வந்ததும் மொத்தமாகப் புறப்படும், ஒன்றும் தொலையாது, அதில் அவளுக்கு எவ்வளவு பெருமை. தொலையவில்லைதான். அன்றைக்கு அலாரம் வரி மட்டும் முந்திக்கொண்டு போய்விட, அடுத்த நிமிஷம் நெட் போயிருக்கிறது, ஒன்று ஐம்பத்து மூன்றுக்குத்தான் வந்திருக்கிறது. நடுவில் நடந்தவையெல்லாம் வரிசையில் காத்துக் கிடந்திருக்கின்றன, ஃபிலோமினாவின் இடது கை உட்பட. காத்துக் கிடந்ததில் தப்பே இல்லை. புறப்படும்போது ஒவ்வொன்றின் மேலும் நடந்த நேரத்தை எடுத்துவிட்டுப் புறப்படுகிற நேரத்தைப் போட்டு அனுப்பியதுதான் தப்பு, அந்த ஒரு வரியை எழுதியது ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்.

ஏன் எழுதினாள்? காரணம் இல்லாமலா. அந்த வாரம் லாக் கலெக்டர் திடீரென்று முரண்டு பிடித்தது, தாமதமாக வருகிற வரிகளையெல்லாம் பழசு, வாங்க மாட்டேன் என்று திருப்பி அடித்தது, போன மாசத் தேதி போட்ட மனுவைக் கையால் தொட மாட்டேன் என்கிற கிளார்க் மாதிரி. திரை முழுக்கச் சிவப்பு. டீம் லீடர் கோகுலகிருஷ்ணன், அவளைவிட நாலு வயது சின்னவன், மனைவிக்குப் பிரசவ வலி கண்டு ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பேசினான், "அக்கா, இப்போதைக்கு ஏதாவது பண்ணி நிறுத்துங்கக்கா." பண்ணினாள். புறப்படுகிற நேரத்தையே போட்டுவிட்டால் எதுவும் பழசாக இருக்காதே, கலெக்டர் சத்தமில்லாமல் வாங்கிக்கொள்ளும். ஒரே வரி. மேலே ஒரு குறிப்பும் எழுதினாள், இது தற்காலிகம், நடந்த நேரத்தைத் தனிக் கட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று. கோகுல் இருபது நொடியில் கட்டைவிரல் படம் போட்டுச் சம்மதம் சொன்னான், படித்திருக்க மாட்டான், அவளாக இருந்தாலும் படித்திருக்க மாட்டாள், பிள்ளை பிறக்கிற நேரத்தில் யார் படிப்பார்கள். சிவப்பெல்லாம் பச்சையானது. திங்கட்கிழமை வேறு வேலை வந்தது, செவ்வாய்க்கிழமை வேறு, குறிப்பு அங்கேயே இருக்கிறது, காலையில்கூடப் பார்த்தாள். தற்காலிகம். அவள் கணவன் திருமேனி பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார், ஆனால் சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறிக்கச் சொன்னால் மாற்றிய அன்றைக்குக் குறிக்க மாட்டார், பத்து நாள் கழித்து ஞாபகம் வரும்போது அன்றைய தேதித் தாளில் குறித்து வைப்பார், பிறகு, "பதினெட்டு நாள்லயே தீந்துருச்சு, எடை கம்மியாத்தான் குடுக்குறான்" என்று சிலிண்டர் போடுகிறவரோடு வாசலில் நின்று சண்டை. அந்த மனுஷர் பாவம், எடை போட்டுக் காட்டிவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு போவார். எத்தனை தடவை இதைச் சொல்லிக் கேலி செய்திருக்கிறாள், குறிச்ச தேதியப் போட்டா எப்படிங்க, மாத்துன தேதியில்ல போடணும், நீங்கள்லாம் கெமிஸ்ட்ரி சொல்லிக் குடுத்து என்னத்துக்கு என்று. அடுப்பு மேடைக்கு மேல் அதே காலண்டர் தொங்குகிறது. அவள் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

ஒன்பது முப்பத்தெட்டுக்குக் கோகுல் கூப்பிட்டான். காலையிலேயே அவனுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பியிருந்தாள், படித்துவிட்டிருந்தான், இந்தத் தடவை முழுசாகப் படித்திருந்தான் என்பது குரலிலேயே தெரிந்தது. பின்னால் குழந்தை அழுகிறது. "அக்கா, நிச்சயமாவா?" என்றான். "நிச்சயம் கோகுல். நேரந்தான் தப்பு, ஒவ்வொரு வரிலயும் எத்தனையாவதுன்னு நம்பர் இருக்குல்ல, அது சரியா இருக்கு. சூடு நிமிஷத்துக்கு ஒரு தடவை அளக்குறோம். நெட்டு போனப்புறம் ரெண்டாவது அளவுக்கும் மூணாவது அளவுக்கும் நடுவுல பொத்தான். எண்ணிப் பாத்தா ஒண்ணு பதினாலு. ஒண்ணு இருபத்தெட்டுக்குள்ள எல்லாப் பெட்டியையும் மாத்தி முடிச்சிருக்காங்க, கதவு கணக்கு அப்படியே இருக்கு." அவன் குழந்தையை வேறு தோளுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான், "நெட்டுல கோளாறு, முடிவு எடுக்க ரெண்டு வாரம் வேணும்னு பொதுவாச் சொல்லிருவோமாக்கா? அதுக்குள்ள சரி பண்ணிருவோம். நம்ம தப்புன்னு சொன்னா அறுபது கிடங்கும் ஆறு மாசத்து லாக்கைத் தூக்கிட்டு வருவாங்க. நீங்க மட்டும் மாட்ட மாட்டீங்க, நானும்தான். மேல ஏற்கெனவே ஆள் குறைக்கணும்னு லிஸ்ட் எடுத்துட்டு இருக்காங்க." அவன் கெட்டவன் இல்லை, அதுதான் சங்கடம், கெட்டவனாக இருந்தால் போனை வைத்துவிட்டு நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம். "அந்தம்மாவை இன்னைக்கு அனுப்புறாங்க கோகுல்." "தெரியும்க்கா." "மருந்து கெட்டுருச்சுன்னு பெட்டியெல்லாம் இன்னைக்குப் பன்னெண்டு மணிக்கு எரிக்கக் கொண்டு போறாங்க." "தெரியும்க்கா" என்றான் மறுபடி. பிறகு, "உங்க இஷ்டம், நான் எதுவும் சொல்லல" என்று வைத்துவிட்டான். எதுவும் சொல்லவில்லை என்று சொல்கிறவர்கள் எவ்வளவோ சொல்லியிருப்பார்கள். லிஸ்ட் என்ற ஒரு சொல் போதும். அவளுக்கு வயது முப்பத்தொன்பது, இந்த வயதில் வெளியே போனால் இருபத்து நாலு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று இன்டர்வியூ கொடுக்க வேண்டும், தன் புரோகிராம் சொன்ன பொய்யால் வெளியே வந்தவள் என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது. சொல்ல வேண்டாம். ரெண்டு வாரம்தானே. ரெண்டு வாரம் கழித்து அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிடுவார்களா? எந்த ஊரில் கூப்பிட்டிருக்கிறார்கள்?

புளியை ஊறப்போட்டாள், போட்ட பிறகுதான் ஏற்கெனவே ஒரு கிண்ணத்தில் ஊறிக்கொண்டிருப்பது தெரிந்தது. அப்பவே அமுக்குனேன். அப்பவே. இந்தச் சொல் எங்கேயோ வேறு வாயில் கேட்டிருக்கிறது என்று வியாழக்கிழமையிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது, மீன் முள் தொண்டையில் நின்ற மாதிரி, விழுங்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல். இப்போது புளித் தண்ணீரில் விரலை வைத்தபோது வந்துவிட்டது. அண்ணன் பேச்சிமுத்து. கோவில்பட்டி வீட்டு வாசலில், இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்பா காரியத்துக்குப் போட்ட பந்தலின் கீழே, சவரம் செய்யாத முகத்தோடு, "அப்பவே கூப்பிட்டேன்டி" என்றான். அப்பா போனது சாயங்காலம் நாலு பத்து. அன்றைக்கு அவள் ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வேலையாகப் போயிருந்தாள், உள்ளே போன் கொண்டுபோக முடியாத இடம், பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். ஏழு ஐந்துக்கு வெளியே வந்து போனை உயிர்ப்பித்தபோது ஒரே நேரத்தில் ஆறேழு மெசேஜ் விழுந்தது, எல்லாவற்றுக்கும் ஏழு ஐந்து. அந்த மூன்று மணி நேரமும் அவளுக்கு அப்பா இருந்தார். நாலரைக்கு உள்ளே யாருக்கோ பிறந்தநாள் என்று கேக் வெட்டினார்கள், அவள் தட்டில் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள், அந்தக் க்ரீமின் தித்திப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது, இனிமேல் அவள் கேக் சாப்பிடப் போவதில்லை. பந்தலில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் அண்ணனைப் பார்த்துக் கத்தினாள், "அப்பா போயி மூணு மணி நேரம் கழிச்சுத்தான் எனக்குச் சொல்லணும்னு தோணுச்சா ஒனக்கு?" சித்தி, அத்தை, ஊரே திரும்பி அவனைப் பார்த்தது. அப்பவே கூப்பிட்டேன்டி என்று ஒரு தடவை சொன்னான். அப்புறம் சொல்லவில்லை. திதிக்கு நாள் குறிக்கச் சாத்தூர் மாமா பஞ்சாங்கத்தை விரித்து உயிர் போனது எத்தனை மணிக்கு என்று கேட்டபோதுகூட இவள்தான் முந்திக்கொண்டு ஏழு மணி என்றாள். மாமா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "தாக்கல் வந்த நேரம் இல்லம்மா. உயிர் போன நேரம்."

ஒரு வாரம் கழித்து மதுரைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த மெசேஜ்களை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். இந்த எண்ணிலிருந்து நாலு இருபத்திரண்டுக்கு அழைப்பு வந்தது. நாலு இருபத்தைந்துக்கு. நாலு முப்பத்தொன்றுக்கு. நாலு ஐம்பதுக்கு. அப்பா உடம்பைக் கட்டிலிலிருந்து இறக்கிக் கிடத்திவிட்டு, அழவும் நேரமில்லாமல், தங்கச்சிக்குப் போன் போட்டுக்கொண்டே நின்றிருக்கிறான். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. அவனிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, எந்த வாயால், பந்தலைப் பிரித்துவிட்டார்கள், கேட்ட கூட்டம் கலைந்து அவரவர் ஊருக்குப் போய்விட்டது, இன்றைக்கும் அத்தை எதையாவது பேசினால், "பேச்சி அப்படித்தான், தங்கச்சிக்குச் சாவுத் தாக்கலையே நேரத்துக்குச் சொல்லாத பய" என்றுதான் ஆரம்பிப்பாள். அவன் வெற்றிலையை மடித்துக்கொண்டு சும்மா இருப்பான். பெரிய மனுஷத்தனம் என்று இவள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தாள், அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் தான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஃபிலோமினாவும் ஒரு தடவைதான் சொன்னாள். அப்புறம் சும்மா இருந்தாள். மனிதர்கள் ஏன் ஒரு தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள், இன்னும் நாலு தடவை கத்தினால் என்ன, கத்தியிருந்தால் அன்றைக்கே வடிகட்டாமல் ஒரு தடவை பார்த்திருப்பேனே என்று அவளுக்குக் கோபம்கூட வந்தது, வந்த வேகத்தில் அந்தக் கோபத்தைப் பார்த்து வெட்கமும் வந்தது. நன்றாயிருக்கிறது நியாயம், தப்பு செய்தது இவள், கத்த வேண்டியது அவர்களா. காலையில் அண்ணன் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான், அப்பா திதி வருகிற வியாழன், முடிந்தால் வா என்று. முடிந்தால். ஒன்பது நாற்பத்தொன்பது. புளிக் கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள். அண்ணே, அன்னைக்கு நீ நாலு இருபத்திரண்டுக்கே கூப்பிட்டிருந்தே, எனக்கு அப்பவே தெரியும் என்று எழுதினாள். அப்பவே தெரியும் என்பது பொய், ஒரு வாரம் கழித்துத் தெரியும், அழித்தாள், மறுபடி எழுதினாள். வியாழக்கிழமை வர்றேன், எல்லார் முன்னாடியும் சொல்றேன் என்று சேர்த்து அனுப்பினாள். ஒரு டிக்தான் விழுந்தது. அவன் கடலைக்காட்டுப் பக்கம் போயிருப்பான், அங்கே டவர் கிடையாது.

ஒன்பது ஐம்பத்தேழு. இன்னும் உரிக்காத வெங்காயம் நாலு கிடக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்தாள், கண் சிவந்திருந்தது, வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம், பாதி உண்மைதான். மீட்டிங் திறந்தது. கட்டம் கட்டமாக முகங்கள். ரத்தினவேல், நெற்றி நிறைய திருநீறு. பக்கத்தில் இருமல் மேனேஜர். கோகுலுக்கு முகம் இல்லை, கேமராவை அணைத்துவிட்டிருந்தான், ஒரு வட்டமும் பெயரும் மட்டும். ரத்தினவேலுக்குப் பின்னால், சுவரோரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நீலச் சேலை யூனிஃபார்மில் ஒல்லியான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நினைத்ததைவிடச் சின்ன உருவம். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள், இடது கைக்கு மேல் வலது கை. செண்பகம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம்" என்றார் ரத்தினவேல், "உங்க ரிப்போர்ட் தெளிவா இருந்துச்சு. பத்தொன்பது வருஷ ஆளு, எங்களுக்கும் மனசுக்குக் கஷ்டந்தான், ஆனா பொய் சொல்லிட்டாங்களே. நீங்க சுருக்கமா ஒரு தடவை சொல்லிட்டீங்கன்னா பேப்பர்ல கையெழுத்து வாங்கிருவோம்." நெட்டில் கோளாறு, ரெண்டு வாரம் வேண்டும். சொற்கள் தயாராக இருந்தன, கோகுல் அவ்வளவு அழகாகக் கட்டிக் கொடுத்திருந்தான், பொய்யும் இல்லை, நெட் போனது நிஜந்தானே. வாயைத் திறந்தாள். சுவரோரக் கட்டத்தில் அந்த வலது கை இடது கையை லேசாகத் தடவிக்கொண்டிருந்தது.

"சார், ஃபிலோமினாம்மா பொத்தானை அழுத்துனது ஒண்ணு பதினாலுக்கு" என்றாள் செண்பகம். "அலாரம் அடிச்சு ரெண்டே நிமிஷத்துல அழுத்தியிருக்காங்க. ஒன்பது தடவை கதவைத் திறந்து மூடி, ஒண்ணு இருபத்தெட்டுக்குள்ள எல்லாப் பெட்டியையும் மாத்தியிருக்காங்க. அவங்க சொன்னது அத்தனையும் உண்மை. நெட்டு இல்லாததால அதெல்லாம் உள்ளயே காத்திருந்து ஒண்ணு ஐம்பத்து மூணுக்குத்தான் எங்களுக்கு வந்துச்சு. நான் வந்த நேரத்தை நடந்த நேரம்னு உங்ககிட்டச் சொல்லிட்டேன்." ரத்தினவேல் மேனேஜரைப் பார்த்தார், மேனேஜர் முதல் தடவையாக இருமவில்லை. "அப்ப மெஷின் தப்பா மேடம்?" "மெஷின் இல்லைங்க சார். நான். அந்த வரியை எழுதுனது நான்தான். மத்த கிடங்கு லாக்லயும் இதே தப்பு இருக்கும், எல்லாருக்கும் இன்னைக்கே எழுதுறேன்." கோகுலின் வட்டத்தில் மைக் திறந்தது, ஒரு கணம் குழந்தையின் சிணுங்கல் கேட்டது, மறுபடி மூடிக்கொண்டது. "என்னை மன்னிச்சிருங்கம்மா" என்று சொல்ல வேண்டும் என்று அவள் நினைத்து, சொல்லியும்விட்டாள், அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை, ஏனென்றால் ஃபிலோமினா அதற்குள் நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். வேலையைப் பற்றிக் கேட்பாள், ஆறு நாள் பட்ட அவமானத்தைக் கேட்பாள், திட்டுவாள், திட்டட்டும் என்று செண்பகம் காத்திருந்தாள். அந்தம்மா மேஜைக்கு நெருங்கி வந்தாள், முகம் கட்டத்தை விட்டு மேலே போய்விட்டது, நீலச் சேலையும் கைகளும் மட்டும் தெரிந்தன.

"சார், அந்தப் பெட்டிய ஏத்துறதுக்கு வண்டி வந்து நிக்குது சார், வரும்போதே பாத்தேன். ஏத்த வேணாம்னு சொல்லுங்க சார். அது நல்ல மருந்து. நான் அப்பவே மாத்திட்டேன்."

இந்தத் தடவை ரத்தினவேல் செண்பகத்தைக் கேட்கவில்லை, லாக்கையும் கேட்கவில்லை. எழுந்து ஜன்னல் பக்கம் போய், வண்டிக்காரரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்.